மோட்டார் பழுதை முன்கூட்டிச் சொல்லும் ஆய்வகக் கருவி: நிறுவனமாக்க எந்த வரிசையில் போவது?

கோவை_ஆய்வர்

வணக்கம். கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் என் முனைவர் பட்ட ஆய்வு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. மூன்று பேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில் அதிர்வு சென்சார் எதுவும் வைக்காமல், ஸ்டார்ட்டர் பேனலில் ஓடும் கரண்டை மட்டும் படித்து, ரோட்டார் பார் (சுழலும் பகுதியிலுள்ள உலோகத் தண்டு) உடைவதையும் பேரிங் கெடுவதையும் முன்கூட்டியே சொல்லும் கருவி. இதை ஒரு நிறுவனமாகக் கொண்டுபோக விருப்பம்.

கையில் இருப்பது: 100 ஆம்பியர் கிளாம்ப் சி.டி. (கம்பியைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மூன்று, வைஃபை உள்ள சிறு கணினிச் சிப்பான இ.எஸ்.பி.32 டெவலப்மென்ட் போர்டு ஒன்று (சிக்னலை எண்ணாக மாற்றும் அதன் உள் ஏ.டி.சி.யே பயன்பாட்டில்), லேப்டாப்பில் ஓடும் நியூரல் மாடல். ரோட்டார் பகுதிக்கு ஆய்வகத்தில் 3 எச்.பி. மோட்டாரில் பாரைத் துளையிட்டு எடுத்த தரவு. பேரிங் பகுதியை கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பொதுத் தரவுத் தொகுப்பில் முதலில் பயிற்றுவித்து, பிறகு கரண்ட் தரவுக்கு மாற்றினோம். துல்லியம் 98 சதவீதம்.

ரோட்டார் பகுதி மாநாட்டுக் கட்டுரையாக வெளிவந்துவிட்டது. பேரிங் பகுதி இன்னும் எங்கும் வெளிவரவில்லை. ஆறு வாரத்தில் தீசிஸ் சமர்ப்பிக்க வேண்டும்.

கேள்விகள்: இதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா? உரிமை எனக்கா, கைடுக்கா, கல்லூரிக்கா? இந்த போர்டிலிருந்து விற்கக்கூடிய பொருளுக்குப் போக என்னென்ன மாற வேண்டும்? கம்பெனியை இப்போதே பதிவு செய்யலாமா, முதலில் நிதிக்கு விண்ணப்பிக்கலாமா?

உரிமைப்பத்திரம்

உங்கள் கேள்விகளில் அவசரமானது காப்புரிமைதான். மற்ற எல்லாம் ஆறு மாதம் காத்திருக்கும். தீசிஸ் சமர்ப்பித்த பிறகு இது காத்திருக்காது.

வெளியான ரோட்டார் பகுதியை போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாத சலுகை தருகிறது என்று பலர் சொல்வார்கள். அது கற்றறிந்தோர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை, அல்லது அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் வந்த கட்டுரை என்ற குறுகிய வரம்புக்குள் மட்டுமே. உங்கள் மாநாடு அதற்குள் வருமா என்று வாதாடுவதில் பணத்தைப் போடாதீர்கள். ஐரோப்பாவில் அந்தச் சலுகையும் கிடையாது.

வெளிவராத பேரிங் பகுதிக்கு, தீசிஸ் கையைவிட்டுப் போகும் முன்பே புரொவிஷனல் விண்ணப்பம் (தேதியை இப்போதே பிடித்துவிட்டு, முழு விவரக்குறிப்பைப் பிறகு தரும் முதற்கட்ட விண்ணப்பம்) போட்டுவிடுங்கள். தீசிஸ் சோத்கங்கா என்ற பொது இணையக் களஞ்சியத்தில் ஏறும், வாய்மொழித் தேர்வு பொது நிகழ்ச்சி. இரண்டுமே வெளியீடுதான். கொஞ்ச காலம் பதிவேற்ற வேண்டாம் என்று பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நடுவில் நடக்கும் கண்காட்சி, ஹேக்கத்தான், யூடியூப் டெமோ எல்லாவற்றுக்கும் இதே விதி.

புரொவிஷனல் என்றதும் இரண்டு பக்கச் சுருக்கத்தை அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் பலர் தோற்கிறார்கள். அதில் விவரிக்காத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது. சர்க்யூட், சி.டி. அமைப்பு, சாம்ப்ளிங் வேகம், எத்தனை விநாடி சாளரம், ஸ்லிப்பை (காந்தப்புல வேகத்தைவிட ரோட்டார் எவ்வளவு பின்தங்குகிறது என்பதை) எப்படிக் கணிக்கிறீர்கள், மாற்று வழிகள் என்னென்ன, எல்லாம் படத்தோடு உள்ளே இருக்கட்டும். தீசிஸின் அந்த அத்தியாயத்தையே முழுதாகச் சேர்ப்பதில் தவறில்லை.

எதை உரிமை கோருகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 3(கே) பிரிவின்படி கணித முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் இவற்றுக்குக் காப்புரிமை இல்லை. ‘கரண்ட் தரவை நியூரல் மாடலில் கொடுத்துப் பழுதை வகைப்படுத்தும் முறை’ என்று எழுதினால் ஆய்வாளரின் முதல் அறிக்கையிலேயே இந்தப் பிரிவு வந்து நிற்கும். கரண்டை எடுக்கும் வன்பொருள் அமைப்பு, அதில் நீங்கள் செய்த மாற்றம், அதனால் பழைய முறையில் தெரியாத சிக்னல் தெரிவது, அதை வைத்து மோட்டாரை நிறுத்துவது என்று தொழில்நுட்ப விளைவோடு கட்டுங்கள். 98 சதவீதம் என்ற எண் கோரிக்கைக்குள் வரத் தேவையே இல்லை.

அரசுக் கட்டணம் பெரிய தொகை அல்ல. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் நால்வருக்கும் இணையவழி விண்ணப்பம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கை 4,000 ரூபாய். 30 பக்கத்தையோ 10 கோரிக்கைகளையோ தாண்டினால் கூடுதல் கட்டணம். புரொவிஷனல் போட்ட 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு, 31 மாதத்துக்குள் பரிசோதனைக் கோரிக்கை. 2024 விதித் திருத்தத்துக்கு முன் இது 48 மாதம்; பழைய கையேட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். விரைவுப் பரிசோதனைக்கு 18ஏ படிவம், ஸ்டார்ட்அப்புக்கு 8,000 ரூபாய். தனியார் கல்லூரி மட்டுமே விண்ணப்பதாரர் என்றால் அந்த விரைவு வழிக்கான தகுதி தானாக வராது. விண்ணப்பதாரர் ஸ்டார்ட்அப் என்றாலோ, எல்லோரும் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒரு பெண் இருந்தாலோ வரும். வழக்கறிஞரின் எழுத்துக்கூலி இதையெல்லாம் விடப் பல மடங்கு. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

உரிமை யாருக்கு என்பதற்கு, சேரும்போது கையெழுத்திட்ட தாளும் கல்லூரியின் ஐ.பி. (அறிவுசார் சொத்து) கொள்கையும்தான் முதல் பதில். கல்வி அமைச்சகத்தின் 2019 தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை ஒரு வழிகாட்டி. நிறுவனத்தின் வசதிகளைக் கணிசமாகப் பயன்படுத்தியிருந்தால் கண்டுபிடித்தவர்களும் நிறுவனமும் கூட்டு உரிமையாளர்கள். கண்டுபிடித்தவரே கம்பெனி தொடங்கி உரிமம் கேட்டால் ராயல்டி விற்பனை விலையில் 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 1 முதல் 2 சதவீதமே விரும்பத்தக்கது. பங்காக வாங்கினால் 1 முதல் 4 சதவீதம். இன்குபேஷன் (புதிய கம்பெனியை வளர்த்துவிடும்) சேவைக்கு வேறாக 2 முதல் 9.5 சதவீதப் பங்கு வாங்கலாம். கல்லூரி 20 சதவீதம் கேட்டால் இந்தக் கொள்கையை அச்செடுத்து மேசையில் வையுங்கள்.

கூட்டு உரிமையில் ஒரு பொறி இருக்கிறது. 50ஆம் பிரிவின்படி கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் காப்புரிமையைத் தாமே பயன்படுத்தலாம், மற்றவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் மற்றவர்கள் சம்மதிக்காமல் யாருக்கும் உரிமம் தர முடியாது. நீங்கள் வேறு, உங்கள் பிரைவேட் லிமிடெட் வேறு. உங்கள் பெயர் காப்புரிமையில் இருப்பதாலேயே உங்கள் கம்பெனி அதைத் தயாரித்து விற்றுவிட முடியாது. கல்லூரியின் கையெழுத்திட்ட உரிம ஒப்பந்தம் வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில் நான் தேடும் வரிகள்: தனியுரிமமா; பம்ப் கம்பெனிக்குத் துணை உரிமம் தரலாமா; காப்புரிமை மட்டுமா, நிரலின் பதிப்புரிமையும் ஆய்வகத் தரவும் சேர்ந்தா; கம்பெனி பிறகு செய்யும் மேம்பாடு யாருக்கு; புதுப்பிப்புக் கட்டணம் யார் கட்டுவது; ராயல்டி கணக்கிடும் விலை எது. கடைசி வரியை ஜி.எஸ்.டி. நீங்கலாக, டீலருக்குக் கொடுக்கும் விலை என்று எழுதுங்கள். தரவை மறந்துவிடுவார்கள், மாடல் கட்டியதே அந்தத் தரவில்தான். ஆய்வுக்கு அரசு நிதி வந்திருந்தால் அனுமதிக் கடிதத்தின் ஐ.பி. பிரிவையும் படியுங்கள்.

துறைத் தலைவர் பெயரை மரியாதைக்காகக் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்க வேண்டாம். முதலீட்டாளரின் வழக்கறிஞர் ஒவ்வொரு பெயருக்கும் என்ன பங்களிப்பு என்று கேட்பார்.

பேனல்பட்டறை

உரிமைப்பத்திரம் சொன்னது சரி. நான் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த 98. கேஸ் வெஸ்டர்ன் தொகுப்பு 2 எச்.பி. மோட்டாரில் எடுத்த அதிர்வுத் தரவு. பேரிங்கில் மின்பொறி அரிப்பால் 0.007, 0.014, 0.021 அங்குலக் குழிகளைச் செயற்கையாகப் போட்டவை. ஒரே பேரிங்கின் நீண்ட பதிவைத் துண்டுதுண்டாக வெட்டி, சில துண்டு பயிற்சிக்கு, சில துண்டு சோதனைக்கு என்று பிரித்தால் மாடல் பழுதைக் கற்பதில்லை, அந்தக் குறிப்பிட்ட பேரிங்கை மனப்பாடம் செய்கிறது. உங்கள் 3 எச்.பி. தரவிலும் இதே ஆபத்து உண்டு. மோட்டார் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்: நான்கு மோட்டாரில் பயிற்சி, ஐந்தாவதில் சோதனை. வரும் எண் எவ்வளவு குறைந்தாலும் வாடிக்கையாளரிடம் பேச வேண்டியது அதைத்தான்.

அடுத்து, சிக்னல் கருவிக்குள் வருகிறதா என்பதே சந்தேகம். 4 போல், 1440 ஆர்.பி.எம். மோட்டாரில் ஸ்லிப் 0.04. உடைந்த பாரின் சைடுபேண்ட் (50 ஹெர்ட்ஸின் இருபுறமும் வரும் துணைச் சிக்னல்) 46, 54 ஹெர்ட்ஸில் வரும், எளிதில் தெரியும். சுமை குறைந்து ஸ்லிப் 0.006 ஆனால் அதே சைடுபேண்ட் 49.4, 50.6க்கு வந்து 50 ஹெர்ட்ஸின் காலடியில் ஒளிந்துகொள்ளும். ஒரு விநாடிப் பதிவில் அதைப் பிரிக்கவே முடியாது. குறைந்தது 10 விநாடி, அதுவும் சுமை மாறாமல் ஓடும் 10 விநாடி வேண்டும். சுமை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் முடிவு சொல்லாமல் இருக்க ஃபர்ம்வேரைப் பழக்குங்கள். பிஸ்டன் கம்ப்ரஸர் போல் சுமையே ஏறி இறங்கும் இடத்தில் நல்ல ரோட்டாரும் உடைந்த ரோட்டார் மாதிரி சைடுபேண்ட் காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேரிங் இதைவிடக் கடினம். 6205 வகைப் பந்து பேரிங்கின் வெளிவளையப் பழுது அதிர்வெண் சுழற்சி வேகத்தைப் போல் சுமார் 3.58 மடங்கு, 24 ஹெர்ட்ஸுக்கு 86. கரண்டில் அது 36, 136 ஹெர்ட்ஸில் மிக மெலிதாகத் தெரியும். இ.எஸ்.பி.32இன் 12 பிட் ஏ.டி.சி. இதற்குப் போதாது: இரு முனையிலும் நேர்கோட்டில் இல்லை, வைஃபை ஓடும்போது இரைச்சல் ஏறும், ஏ.டி.சி.2 சேனல்கள் வைஃபையோடு சேர்ந்து வேலையே செய்யாது, மூன்று பேஸையும் ஒரே கணத்தில் படிக்கவும் செய்யாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏ.டி.எஸ்.131எம்04 போல 24 பிட், நான்கு சேனலையும் ஒரே நேரத்தில் படிக்கும் ஏ.டி.சி. ஒன்றை வெளியே போடுங்கள். இ.எஸ்.பி.32 கணக்குக்கும் தொடர்புக்கும் இருக்கட்டும்.

சி.டி.யும் தப்பான அளவு. 3 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 5 ஆம்பியர்தான் இழுக்கும். 100 ஆம்பியர் சி.டி.யில் அது 5 சதவீதம். 26 டெசிபல் அளவுக்குச் சிக்னலை அங்கேயே தொலைக்கிறீர்கள். சிறிய சி.டி. வாங்குங்கள், அல்லது கம்பியை சி.டி.க்குள் நான்கு சுற்றுச் சுற்றினால் 12 டெசிபல் மீளும். இரண்டு அரையாகத் திறக்கும் வகை சி.டி.யின் வாயில் தூசி படிந்தால் அளவு மாறும். பஞ்சு பறக்கும் மில்லில் இது நிச்சயம் நடக்கும். பேனலில் ஏற்கெனவே உள்ள 5 ஆம்பியர் சி.டி.யோடு சேர்த்தால் செகண்டரியைத் திறந்து விடவே கூடாது, ஷார்ட்டிங் டெர்மினல் வைத்தே வேலை செய்யுங்கள்.

எங்கே விற்கப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. வன்பொருள் அதைப் பொறுத்துத்தான் மாறும். போர்வெல் சப்மெர்சிபிள் என்றால் ஆசை வரும்: மோட்டார் தண்ணீருக்கடியில், அதிர்வு சென்சார் வைக்க வழியே இல்லை, வெளியே எடுக்கும் கூலியே பெரிது. ஆனால் பெரும்பாலான சப்மெர்சிபிளில் பந்து பேரிங் கிடையாது. புஷ்ஷும் கார்பன் த்ரஸ்ட் பேரிங்கும்தான். உங்கள் 3.58 சூத்திரம் அங்கே செல்லாது. ரோட்டார் பகுதியும், தண்ணீரில்லாமல் ஓடுவதைக் கண்டுபிடிப்பதும் அங்கே பயன்படும். பேரிங் பகுதி ஸ்பின்னிங் மில்லுக்குப் பொருந்தும். ஆனால் அங்கே பல மோட்டார்கள் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவில் ஓடும். அடிப்படை அதிர்வெண் 50 இல்லை, நிமிடத்துக்கு நிமிடம் மாறும், ஸ்விட்சிங் இரைச்சலும் மேலே ஏறும். ஆய்வகத்தில் டிரைவ் போட்டுத் தரவு எடுத்தீர்களா?

விவசாயப் பேனலில் இன்னொரு சிக்கல். பல இடத்தில் நியூட்ரல் வராது. கருவிக்கு மின்சாரம் தரும் 230 வோல்ட் சிறு எஸ்.எம்.பி.எஸ். மாட்யூலை இரண்டு பேஸுக்கு நடுவே கொடுத்தால் 415 வோல்ட்டில் அன்றே போய்விடும். பேஸ் டு பேஸ் தாங்கும், 480 வோல்ட் வரை மதிப்பிட்ட சப்ளை வையுங்கள். மிகை மின்னழுத்தத்தை உறிஞ்சும் வேரிஸ்டரும் அதற்கேற்ப 550 வோல்ட் ஏ.சி. வகை (14டி911கே), முன்னால் ஃபியூஸ். ஒரு பேஸ் இல்லாத நேரத்தில் கன்டென்சர் போட்டு இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டும் பழக்கமும் உண்டு. அப்போது மூன்று கரண்டும் தாறுமாறாக இருக்கும். உங்கள் மாடல் அதைப் பழுது என்று கத்தும். இந்த நிலைக்கும் பயிற்சித் தரவு வேண்டும்.

மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் விழும் ஒவ்வொரு முறையும் அதன் காயிலிலிருந்து வேகமான மின்துடிப்புகள் வரும். ‘ஆய்வகத்தில் ஓடியது, பேனலில் ரீசெட் ஆகிறது’ என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இதுதான். காயிலுக்குக் குறுக்கே ஆர்.சி. ஸ்னப்பர், போர்டில் நான்கு லேயரும் உடையாத கிரவுண்ட் பிளேனும், சி.டி. கம்பி பவர் கம்பியோடு சேர்ந்து ஓடாமல் இருப்பது: இவை மூன்றும் அடிப்படை. சோதனைக்குத் தொழிலக அளவுகோல் ஐ.இ.சி. 61000-6-2. பவர் முனையில் 2 கிலோவோல்ட் பர்ஸ்ட் (தொடர் மின்துடிப்பு). சர்ஜ் (ஒற்றைப் பெரிய மின்னழுத்த எழுச்சி) லைனுக்கு லைன் 1, லைனுக்கு எர்த் 2 கிலோவோல்ட். நிலைமின்சாரம் தொடுகையில் 4, காற்றில் 8 கிலோவோல்ட். சென்னை தரமணியில் சமீர் மையம் இ.எம்.ஐ., இ.எம்.சி. சோதனைக்கு இருக்கிறது. கோவையிலேயே பம்ப், மோட்டார் சோதனைக்கு சிடார்க் இருக்கிறது. சான்றிதழ்ச் சோதனைக்கு முன் ஒரு நாள் முன்சோதனைக்கு நேரம் வாங்குங்கள். தோற்கும் இடத்தை அன்றே கண்டுபிடித்து ஃபெரைட்டும் கெபாசிட்டரும் மாற்றிப் பார்க்கலாம்.

வைஃபை உள்ள பொருளுக்கு மத்திய அரசின் ரேடியோ அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் ஈ.டி.ஏ. என்ற கருவி ஒப்புதல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் உரிமமற்ற பட்டைக்கு சரள் சஞ்சார் தளத்தில் சுய அறிவிப்பாக, அங்கீகரித்த ஆய்வக அறிக்கையோடு வாங்கலாம். அதனால் சிப்பை நேரடியாகப் போட்டு ஆன்டெனா வரையாதீர்கள். உலோக மூடி போட்ட, சோதனை அறிக்கை கிடைக்கும் மாட்யூலாக வாங்குங்கள்.

பெட்டிக்கு அச்சு செய்யும் யோசனையை ஒத்திவையுங்கள். 35 மி.மீ. டின் ரெயிலில் (பேனலுக்குள் கருவி மாட்டும் பட்டை) மாட்டும் பெட்டி கடையில் கிடைக்கிறது, முதல் 200 கருவி வரை அதுவே போதும். முதல் சுற்று 10 போர்டு, இரண்டாம் சுற்று 50. ஐம்பதுக்குப் போகும் முன் டெஸ்ட் ஜிக் (போர்டை வைத்துச் சோதிக்கும் அமைப்பு) தயாராக இருக்க வேண்டும்: போகோ பின் (ஸ்பிரிங் வைத்த தொடுமுனை), தெரிந்த அளவு கரண்ட் கொடுக்கும் மூலம், ஃபர்ம்வேர் ஏற்றி வரிசை எண்ணும் அளவுத்திருத்த எண்ணும் எழுதும் நிரல். டெஸ்ட் பாயின்ட் இல்லாத போர்டை ஐம்பது செய்துவிட்டு மல்டிமீட்டரோடு உட்காருவது வீண் உழைப்பு. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் 105 டிகிரி வகையாக இருக்கட்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும், வெயிலில் நிற்கும் இரும்புப் பேனலுக்குள் 65 டிகிரி சாதாரணம்.

வரவுசெலவு

பணம், கம்பெனி பற்றி. வரிசை முக்கியம், ஏனென்றால் கம்பெனி பதிவான நாளிலிருந்து சில கடிகாரங்கள் ஓடத் தொடங்கும்.

ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனிக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மாதிரிக் கருவிக்கு 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ மாற்றத்தக்க கடன்பத்திரமாகவோ. மற்ற மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருந்தால் தகுதி போய்விடும். போட்டிப் பரிசு, இட வாடகைச் சலுகை, மாதப் படி, ஆய்வக வசதி இவை அந்தக் கணக்கில் சேராது. திட்டம் 2021இல் 945 கோடி ரூபாயோடு நான்கு ஆண்டுக்கென்று தொடங்கியது. எனவே அந்த நிதியை வழங்கும் இன்குபேட்டரிடம் இப்போது வழங்க நிதி இருக்கிறதா என்று கேட்ட பிறகே விண்ணப்பம் எழுத உட்காருங்கள்.

நிதி பிரயாஸ் என்ற மத்திய அரசுத் திட்டம் 10 லட்சம் வரை, மாதிரிக் கருவி செய்வதற்கு. இதற்குக் கம்பெனி இல்லாமல் தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். ஆகவே உங்கள் நிலையில் முதல் படி இதுதான்: பேனல்பட்டறை சொன்ன ஏ.டி.சி. மாற்றம், 10 போர்டு, முன்சோதனை எல்லாம் இதற்குள் அடங்கும். பிரயாஸில் முழுத் தொகையும் வாங்கி, அதன் மேல் மாநில அரசின் டான்சீட் ஸ்டார்ட்அப் நிதியும் வாங்கினால் 10 லட்ச வரம்பைத் தாண்டிவிடுவீர்கள், விதை நிதிக் கதவு மூடும். எது பெரிது என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

பதிவு செய்யும்போது பிரைவேட் லிமிடெட். எல்.எல்.பி.யில் (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) பங்கு முதலீடு வாங்க முடியாது. நிறுவனர்கள் பங்கை நான்கு ஆண்டில், முதல் ஆண்டு முடிந்த பிறகே தொடங்கிப் படிப்படியாகச் சேரும்படி எழுதுங்கள். கைடு முழுநேரப் பேராசிரியராகத் தொடர்வார் என்றால் அவருக்கு ஆலோசகர் அளவு பங்கு. பாதிக்குப் பாதி கொடுத்துவிட்டு ஒருவர் மட்டும் உழைக்கும் கம்பெனியில் முதலீட்டாளர் கை வைக்க மாட்டார். 2019 கொள்கை ஆசிரியர் பங்குக்கு உச்சவரம்பு வைக்கவில்லை, ஆனால் ஆலோசகராக அலுவலக நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்கிறது. அவர் கல்லூரியின் எழுத்து அனுமதியும் வாங்க வேண்டும்.

விலைக் கணக்கு, ஒரு உதாரணம் மட்டும். பாகங்கள் 4,000, அசெம்பிளியும் சோதனையும் கழிவும் 800, பெட்டியும் கேபிளும் 700. ஆக 5,500. விற்பனை விலை 11,000, பேனல் செய்பவருக்கு 25 சதவீதம் கழிவு. உங்கள் கைக்கு 8,250. மீதம் 2,750. கல்லூரிக்கு 2 சதவீத ராயல்டி 165. ஒரு முறை நேரில் போய்ப் பொருத்தினால், ஒரு முறை வாரன்டியில் மாற்றினால், மீதி தீர்ந்தது. அதனால் எலெக்ட்ரீஷியனே 20 நிமிடத்தில் பொருத்தும்படி இல்லாத கருவியை இந்த விலையில் விற்கக் கூடாது. ரீவைண்டிங் செலவு கருவி விலையைவிடக் குறைவாக இருக்கும் 3 எச்.பி. மோட்டார்காரர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல. நின்றால் உற்பத்தி நிற்கும் 30 எச்.பி.க்கு மேற்பட்ட மோட்டாரைத் தேடுங்கள்.

இலவச பைலட் வேண்டாம். ஒரு மில்லில் ஐந்து கருவி, மூன்று மாதம், சிறு தொகையாவது பர்ச்சேஸ் ஆர்டரோடு. பணம் கொடுத்த இடத்தில்தான் மெயின்டனன்ஸ் ஆள் எச்சரிக்கை வந்ததும் மோட்டாரைத் திறந்து பார்த்து ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று எழுதித் தருவார். அந்தத் தாளில்லாமல் உங்கள் தரவுக்கு விடை இல்லை.

கோவை_ஆய்வர்

மூவருக்கும் மிக்க நன்றி. மோட்டார் வாரியாகப் பிரித்துப் பார்க்கிறேன். டிரைவ் போட்ட தரவு இல்லை, எடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம். கம்பெனியெல்லாம் வேண்டாம், ஒரு பம்ப் உற்பத்தியாளருக்குத் தொழில்நுட்பத்தை மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் கைடு. அது சரியா? புதிய தரவு எடுத்து முறை மேம்பட்ட பிறகு காப்புரிமை போட்டால் வலுவாக இருக்காதா?

பேனல்பட்டறை

இரண்டாவதுக்கு என் கருத்து: ஆம், காத்திருக்கலாம். நல்ல ஏ.டி.சி. போட்டு, டிரைவில் ஓடும் மோட்டாரில் சிக்னல் தெரிகிறதா என்று பார்க்காமல் எழுதும் காப்புரிமை, வேலை செய்யாத பொருளைப் பாதுகாக்கும் தாளாக ஆகிவிடக்கூடும். தீசிஸை ஒரு செமஸ்டர் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

உரிமைப்பத்திரம்

இதில் பேனல்பட்டறையோடு உடன்படவில்லை. இப்போது உள்ளதற்கு ஒரு புரொவிஷனல், ஏ.டி.சி. மாற்றி டிரைவ் தரவு கிடைத்ததும் இரண்டாவது புரொவிஷனல். தொடர்புடைய இரண்டையும் முதல் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஒரே முழு விவரக்குறிப்பாகச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஒவ்வொரு அம்சத்துக்கும் அது முதலில் விவரித்த தேதி கிடைக்கும். 1,600 ரூபாய்க்காக ஒரு செமஸ்டரை இழக்க வேண்டாம். அந்த 12 மாதமும் ஓடி, டிரைவில் சிக்னல் தெரியவே இல்லை என்றால் முழு விவரக்குறிப்பு போடாமல் விட்டுவிடுங்கள். புரொவிஷனல் வெளியிடப்படாமலே கைவிடப்பட்டதாகும்.

வரவுசெலவு

கைடு சொல்வது மோசமான வழி அல்ல. நீங்கள் ஆசிரியப் பணிக்குப் போக விரும்பினால் அதுவே நல்ல வழி. முன்தொகை, அதன் மேல் ராயல்டி, இரண்டும் கேளுங்கள். ஆனால் ‘மொத்தமாக’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பம்ப் உற்பத்தியாளருக்குப் பம்ப் துறைக்கு மட்டும் தனியுரிமம்; மில், கம்ப்ரஸர், பிளோயர் துறைகள் உங்களிடமே இருக்கட்டும். இரண்டு ஆண்டுக்குள் விற்பனை தொடங்காவிட்டால் தனியுரிமம் சாதாரண உரிமமாக மாறும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். களத் தரவு திரும்ப உங்களுக்கும் வர வேண்டும்.

காப்புரிமையைப் பூட்டி வைக்காமலே கம்பெனி வளரலாம் என்பதற்கும் தரமணியிலேயே உதாரணம் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி பிராசஸர் பி.எஸ்.டி. என்ற திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதன் அடித்தளத்தில் வந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024இல் 28 நானோமீட்டர் சிப் அறிவித்தது. அங்கே விலை பெறுவது சிப்பாகச் செய்து, சோதித்து, வாடிக்கையாளருக்கு ஆதரவு தரும் வேலை. உங்களிடம் அதற்கு இணையானது, பெயரிட்டுச் சரிபார்த்த களத் தரவு.

கோவை_ஆய்வர்

புரிந்தது. ஆறு வாரத்தில் புரொவிஷனல் முடியுமா? வெளிநாட்டிலும் போட வேண்டுமா?

உரிமைப்பத்திரம்

தாராளமாக முடியும். முதல் வாரம் கல்லூரி ஐ.பி. செல்லில் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவம் கொடுங்கள். கையெழுத்துகள் தாமதமாவது அங்கேதான். அதே வாரம் காப்புரிமை முகவருக்கு தீசிஸ் அத்தியாயமும் சர்க்யூட்டும், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தோடு. மூன்றாம் வாரம் வரைவு வரும். வரைவில் ‘சி.டி.’ என்று மட்டும் இருந்தால் ‘கரண்ட் அளக்கும் எந்த சென்சாரும்’ என்று விரிவாக்கச் சொல்லுங்கள். ஹால் சென்சார் போட்டு ஒருவர் சுற்றிப்போய்விடக் கூடாது. ஐந்தாம் வாரம் தாக்கல்.

வெளிநாடு இப்போது வேண்டாம். இந்தியத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பி.சி.டி. (பல நாடுகளுக்கான சர்வதேச விண்ணப்பம்) போட உரிமை உண்டு. அதற்குள் பைலட் முடிவு தெரிந்திருக்கும். இந்தியாவில் வசிப்பவர் முன் அனுமதியின்றி வெளிநாட்டில் நேரடியாகப் போடக் கூடாது என்கிறது 39ஆம் பிரிவு. இங்கே போட்டு ஆறு வாரம் கழிந்திருந்தால் அந்தத் தடை இல்லை. விண்ணப்ப எண் உள்ள ரசீது கைக்கு வந்த பிறகே தீசிஸை சமர்ப்பியுங்கள்.

சுருக்கத் தொகுப்பை வெளித் தேர்வாளர்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால் யாருக்கு, எந்தத் தேதியில் என்பதை இன்றே முகவரிடம் சொல்லுங்கள்.

கோவை_ஆய்வர்

இன்னும் அனுப்பவில்லை. நாளைக்கே ஐ.பி. செல்லில் படிவம் கொடுக்கிறேன்.